முதியோரைக் காணத் தவறுவது பிழை அல்ல, குற்றம்

நார்வேயின் கரோலினே யோர்ட், பின்லாந்தின் ரீத்தா இக்கோனன் ஆகிய இரு கலைஞர்கள் 2011இல் நார்வேயில் ஓர் ஒளிப்படத் தொடரைத் தொடங்கினர். 'தட்டளவு கண்கள்' என்று பொருள்படும் அதன் தலைப்பு, வடபுலத்து நாட்டார் கதைகளிலிருந்து வந்தது. பாசி, கடற்பாசி, இலை, புல், கிளை என அந்தந்த இடத்தில் கிடைப்பதைக் கொண்டு அணியத்தக்க சிற்பம் செய்கிறார்கள். அதை அணிந்து தம் மண்ணில் நிற்பவர்கள் முதியவர்கள்: உழவர்கள், மீனவர்கள், இல்லத்தரசிகள், ஓய்வுபெற்ற அறிஞர்கள். பல நாடுகளுக்கு விரிந்த இப்பணி, 2017இல் நூலாகவும் வந்தது.

முதிய உடலை இலைதழையால் மூடுவது அதை மீண்டும் மறைப்பதாகாதா என்று கேட்கலாம். ஆகாது என்பதே நம் கருத்து. இங்கு முதியவர் காட்சிப்பொருள் அல்லர். கலைஞர்களோடு சேர்ந்து அந்தப் படத்தை உருவாக்குபவர். மருந்து விளம்பரத்திலும் நன்கொடை வேண்டுகோளிலும் மட்டுமே முதிய முகங்களைக் கண்டு பழகியவர்கள் இப்படங்களின் முன் சற்று நிற்க வேண்டும். இரக்கத்தை இறைஞ்சும் முகம் ஒன்றுகூட இவற்றில் இல்லை.

இதைக் கலைக்கூடத்துச் செய்தியாக மட்டும் கருதிக் கடந்துவிட முடியாது. உலகில் இருவரில் ஒருவர் முதுமையை இழிவாகக் கருதும் மனப்போக்கு உடையவர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. அந்த மனப்போக்குக்கு உயிர்களே விலையாகின்றன. நார்வேயின் அண்டை நாடான ஸ்வீடனில் கொரோனாவின் முதல் அலையில் மாண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்தவர்கள். அவர்களைக் காக்க நாடு தவறிவிட்டது என்று அரசு அமைத்த விசாரணைக் குழுவே 2020 டிசம்பரில் கூறியது. பராமரிப்பு அமைப்பின் குறைகள் தொற்றுக்கு முன்பே தெரிந்தவை என்றும், அப்போதைய அரசும் முந்தைய அரசுகளும் பொறுப்பேற்க வேண்டும் என்றும் அக்குழு சொன்னது. தெரிந்தும் திருத்தாமல் விட்டதற்கு வறுமையைக் காரணம் காட்ட முடியாது. ஸ்வீடன் செல்வம் மிக்க நாடு. அங்கிருந்த முதியவர்கள் எவர் கண்ணிலும் படவில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் நமக்குப் புலப்படவில்லை. இதை நிர்வாகத் தவறு என்று சொல்லித் தணிக்க நாம் உடன்படவில்லை. இது அறக்குற்றம்.

சிற்பம் மருத்துவரையோ செவிலியரையோ நியமிக்காது. அது அரசின் கடமை. முதியோர் இல்லங்களின் ஆள்பலத்தையும் மரணக் கணக்கையும் ஒவ்வோர் ஆண்டும் மக்கள் முன் வைக்க வேண்டும். அந்த இல்லங்களை மேற்பார்வையிடும் குழுக்களில், அங்கே வாழும் முதியவர்கள் வாக்குரிமையுடன் அமர வேண்டும்.