தாலி கட்டுவது எத்தனையாவது ஃபைலில்?

பழைய கல்யாண டிவிடியைக் கடையில் கொடுத்தால் சீக்கிரமே பென்டிரைவில் ஏற்றித் தந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து டிவியில் செருகினால் விடிஎஸ் 01_1, விடிஎஸ் 01_2, விடிஎஸ் 01_3 என்று நாலைந்து ஃபைல்கள் வரிசையாக நிற்கின்றன. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், மூன்றாவது ஃபைல் முடிந்துவிடுகிறது. கெட்டிமேளம் நான்காவதில். இணைச்சீர் எதில், வரவேற்பு எதில் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ரிமோட்டை அழுத்தி அழுத்தி ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான். இரண்டு தடவை ஓட்டியதும் அலுத்துப்போய், பென்டிரைவ் சாவிக்கொத்தோடு ஆணியில் தொங்கப் போய்விடுகிறது.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. டிவிடியின் அமைப்பே அப்படி. ஒரு வட்டில் உள்ள படம் ஒரு ஜிபிக்கு ஒன்றாக வெட்டப்பட்டுத்தான் பதிவாகும். வெட்டு முகூர்த்தத்தில் விழுகிறதா, பந்தியில் விழுகிறதா என்பது வட்டுக்குத் தெரியாது. எந்தச் சடங்கு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பெல்லாம் ஐஎஃப்ஓ என்ற சின்னஞ்சிறு ஃபைல்களில் தனியே இருக்கும். அந்தக் குறிப்பைத் திரையில் காட்டுவதுதான் மெனு. படத்தை மட்டும் நகலெடுத்து, சின்ன ஃபைல்களை வேண்டாதவை என்று விட்டுவிட்டால், வட்டில் ஒரே தொடராகத் தெரிந்த கல்யாணம் துண்டு துண்டாகத்தான் வரும்.

மெனு என்றாலே அலங்காரம் என்ற நினைப்பு நம் ஊரில் வேரூன்றிவிட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு, கோபி என்று கொங்கு வட்டாரம் முழுக்க 2000-களின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் டிவிடியின் காலம். நொய்டாவில் வட்டுத் தயாரித்த மோசர் பேர் நிறுவனம் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கடைக்குக் கடை தொங்கவிட்டது. 2006-ல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் வீட்டுக்கு வீடு 14 அங்குலக் கலர் டிவி வந்தது. பக்கத்தில் ஒரு டிவிடி பிளேயரும் வந்து உட்கார்ந்தது. கல்யாண வீடியோ எடுத்த ஸ்டுடியோக்கள் கேசட்டை மூட்டை கட்டிவிட்டு வட்டுக்கு மாறின. மிக்ஸிங் முடிந்ததும் எடியஸிலோ நீரோவிலோ தயாராக இருக்கும் டெம்ப்ளேட் ஒன்றைப் போட்டு, பொண்ணு மாப்பிள்ளை போட்டோவை ஒட்டி, ரைட் பண்ணிக் கொடுத்தார்கள். அந்தக் கடைசிப் பத்து நிமிஷ வேலைதான் மெனு. பில்லில் அதற்கென்று ஒரு வரிகூட இருக்காது.

பத்து நிமிஷ வேலையாக நினைத்ததால் எத்தனையோ கோளாறுகள். கம்ப்யூட்டர் திரையில் அழகாக இருந்த மெனு, குழாய் டிவியில் ஓரம் வெட்டுப்பட்டு வரும். அந்த டிவிகள் படத்தின் நாலு விளிம்பையும் கொஞ்சம் விழுங்கிவிடும் என்பதால் எழுத்தை உள்ளே தள்ளி வைக்க வேண்டும். வைக்காத மெனுவில் ‘முகூர்த்தம்’ என்பது ‘கூர்த்தம்’ ஆனது. நம் ஊர் டிவிடியில் ஒரு படத்தின் அளவு 720-க்கு 576 புள்ளி. ஆனால் டிவி அதைக் கொஞ்சம் அகலப்படுத்திக் காட்டும். அந்தக் கணக்கு தெரியாமல் போட்டோ ஒட்டினால் கல்யாணப் பொண்ணுக்கு முகம் பருத்துப்போகும். பட்டனுக்கு மேல் வரும் வெளிச்சத்துக்கு ஒரு சமயத்தில் நாலு நிறம்தான் கிடைக்கும். ஜரிகைப் பின்னணியில் மஞ்சள் வெளிச்சம் வைத்தால் எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்றே தெரியாது. மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு அம்புக்குறியும் எந்தப் பட்டனுக்குத் தாவ வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் வலது அம்பை அழுத்தியவர் மேலே போய் நிற்பார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரிமோட்டைப் பிடித்த அப்பச்சிகள் பட்ட பாட்டுக்கு இதுதான் காரணம், அவர்களுடைய வயசு அல்ல.

இன்னொரு சோம்பேறித்தனமும் உண்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு அத்தியாயம் என்று மென்பொருளே வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டின் முதல் காட்சியையும் மெனுவில் சின்னப் படமாக மாட்டிவிடும். விளைவு, மெனுவில் ஒரு கட்டத்தில் சாம்பார் வாளி, அடுத்ததில் போட்டோகிராபரின் முதுகு.

இவையெல்லாம் சில்லறைக் குற்றங்கள். பெரிய குற்றம் பெயர்களில் நடந்தது. டெம்ப்ளேட்டுகள் வேறெங்கோ நடக்கும் கல்யாணத்துக்காக வரைந்தவை. ரோஜாப்பூ, இரண்டு மோதிரம், ‘வெட்டிங்’, ‘ரிசப்ஷன்’. அன்றைய மென்பொருள்கள் பலவற்றில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக விழாது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்தைப் போட்டோஷாப்பில் படமாகச் செய்து ஒட்டிய ஸ்டுடியோக்காரர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டார்கள். கொங்கு வேளாளர் கல்யாணத்தின் சீர்களை எண்ணினால் ஒரு மெனு போதாது: முகூர்த்தக்கால், பட்டினிச் சாதம், உருமாலைக்கட்டு, இணைச்சீர், கைகோர்வை, மங்கல வாழ்த்து. பழைய முறையில் அய்யர் கிடையாது, நடத்திவைப்பவர் அருமைக்காரர். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளை உட்காரவைத்துச் செய்யும் இணைச்சீர் இல்லாமல் கல்யாணம் நிறைவாகாது. இத்தனையும் ‘வெட்டிங்’ என்ற ஒரே பட்டனுக்குள் அடங்கிப்போயின. தேவாங்கர் வீட்டுக்கும் நாயக்கர் வீட்டுக்கும் அருந்ததியர் வீட்டுக்கும் சீர்கள் வேறு. மெனு மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

மங்கல வாழ்த்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குடிமகன் என்று அழைக்கப்படும் நாவிதர் எழுந்து நின்று வாழ்த்தைச் சொல்ல, அடிக்கு அடி மத்தளம் ஒலிக்கும். கம்பர் பாடிக் கொடுத்தது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. வரிகள் அச்சில் கிடைக்கின்றன. ஆனால் குறிப்பிட்ட ஊர்க் குடிமகன் எந்த இடத்தில் மூச்சு விட்டார், எந்த இடத்தில் இழுத்தார் என்பது வீட்டுக் கல்யாண வட்டுகளில்தான் இருக்கிறது. இருக்க வேண்டும் என்று சொல்வதே சரி. ஏனென்றால் மிக்ஸிங்கில் முதலில் பலியானது அதுதான். நேரில் பதிவான சத்தத்தை அடக்கிவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போடுவது அப்போதைய வழக்கம். வாய் அசைகிறது, மத்தளத்தில் கை விழுகிறது, கேட்பது ஏதோ ஒரு டூயட்.

டிவிடியில் இதற்கு வழி இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். ஒரே படத்துக்கு எட்டு ஒலித்தடம் வரை வைக்க இடம் உண்டு. ஒன்றில் சினிமாப் பாட்டு, இன்னொன்றில் மண்டபத்துச் சத்தம், மெனுவில் இரண்டு பட்டன். சினிமா டிவிடியில் தமிழ், தெலுங்கு என்று மொழி மாற்றியது இதே வசதியால்தான். கல்யாண வட்டில் அதைச் செய்தவர்கள் அபூர்வம். இப்போது அந்த வீடியோவை யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமைக்காரர் பெயரில் சில நேரம் தடை வருகிறது, அல்லது சத்தம் அறுந்துபோகிறது. மண்டபத்துச் சத்தமும் போய், டூயட்டும் போய், ஊமைப்படம் மிஞ்சுகிறது. (1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் தொழிலைத் தொடங்கியதும் ஊமைப்படத்தில்தான். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.)

பெயர் எழுதி வைப்பதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தை நினைத்துப் பார்க்கலாம். 1960-களின் நடுவில் அங்கே வந்து தங்கிய கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடப்படும் அண்ணன்மார் கதையை டேப்பில் பதிவு செய்தார். பதிவு செய்ததோடு விடவில்லை. பாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதி, மொழிபெயர்த்தார். 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதைத் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு தொகுதிகளில் வெளியிட்டது. பிற்பாடு அனிமேஷன் தொடராகவும் ஆனது. டேப் மட்டும் இருந்து பிரிப்பும் பெயரும் இல்லாமல் போயிருந்தால், அந்தக் கதையின் நாயகர்களான பொன்னரும் சங்கரும் ஏதோ ஒரு ரீலில் கிடப்பார்கள். யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

கொங்குக் கிராமங்களில் இப்போது வள்ளிகும்மி அரங்கேற்றங்கள் பெருகியிருக்கின்றன. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரைப் போன்ற வாத்தியார்கள் மேடைக்கு முன்னால் நின்று பாடியதும், தெரட்டிச் சீரும், காதுகுத்தும், பண்ணாரிக் குண்டமும் வீட்டு வட்டுகளில் பதிவாகிக் கிடக்கின்றன. எந்த நூலகமும் இவற்றைச் சேர்த்ததாகத் தெரியவில்லை. வீட்டுப் பீரோதான் ஆவணக்காப்பகம்.

அந்தப் பீரோவுக்குள் வட்டு கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை. கடையில் வாங்கிய சினிமா வட்டு அச்சில் அழுத்தியது. வீட்டுக்காக ரைட் பண்ணிய வட்டில் படத்தைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் அந்தப் பூச்சு ஒட்டப்பட்டிருக்கும். மேலே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், படுக்கப் போடாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனம் 2003-லேயே கையேடு போட்டுச் சொன்னது. அதற்குப் பிறகும் நம் ஸ்டுடியோக்கள் வட்டு நிறைய ஜோடி போட்டோவைப் பசை ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டிருந்தன.

ஆகவே நகலெடுப்பது அவசரம், ஆனால் நகலெடுக்கும் முறை அதைவிட முக்கியம். கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஐஎஸ்ஓ. வட்டை அப்படியே, மெனுவும் பட்டனும் சேர்த்து, ஒரே ஃபைலாக எடுப்பது அது. விஎல்சி பிளேயரில் திறந்தால் 2008-ல் பார்த்த மெனு அப்படியே வரும். அதன் பிறகு மேக்எம்கேவி, ஹேண்ட்பிரேக் போன்ற இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களில் வெட்டில்லாத ஒரே படமாக மாற்றலாம். அத்தியாயக் குறிகளும் கூடவே வந்துவிடும். ஒரு டிரைவில் ஓடாத வட்டு இன்னொரு டிரைவில் ஓடுவதுண்டு. ஒரு கடையில் முடியாது என்றதும் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

மெனுவே ஆங்கில டெம்ப்ளேட் என்றால்? அதைத் திருத்த இதுதான் சமயம். அத்தியாயக் குறிகளுக்குப் பெயர் மாற்றலாம், புதிதாகச் சேர்க்கலாம். வீட்டில் சீர் தெரிந்த அத்தையையோ அம்மாயியையோ பக்கத்தில் உட்காரவைத்து, ஓடும் படத்தைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல மணி, நிமிஷம் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உருமாலை கட்டியது யார், இணைச்சீருக்கு உட்கார்ந்தது எந்த நாத்தனார், மங்கல வாழ்த்து சொன்ன குடிமகன் எந்த ஊர் என்பதெல்லாம் வட்டில் பதிவாகாத சங்கதிகள். எழுதிய தாள் தொலைந்துபோகும். அதையே ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகப் படத்தோடு போட்டுவிடுவது நல்லது.

டிவிடியே போன பிறகு மெனுவைப் பற்றி இத்தனை பேச்சா என்று ஸ்டுடியோக்காரர்கள் சிரிக்கலாம். விண்டோஸ் 7 வரை கூடவே வந்த டிவிடி மேக்கர் விண்டோஸ் 8-ல் இல்லை. அடோபியின் என்கோர் சிஎஸ்6-உடன் நின்றுபோனது. மோசர் பேர் 2018-ல் கலைப்புக்குப் போனது. இப்போது ஆல்பத்தோடு கொடுப்பது பென்டிரைவும் யூடியூப் லிங்கும்தான். வெளியூர்ச் சொந்தங்களுக்காக நாலு மணி நேரம் நேரலை ஓடி, அப்படியே ஒரு நீள வீடியோவாகக் கிடக்கிறது. அது ஊர்ப் பெயர் எழுதாத பஸ். அதில் யார் ஏறுவார்கள்?

யூடியூபிலும் மெனு இருக்கிறது. வீடியோவுக்குக் கீழே உள்ள விவரக்குறிப்பில் 0:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று நேரக்குறிகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் பெயர் போட்டால் போதும். ஒவ்வொரு பகுதியும் பத்து நொடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓரம் வெட்டுப்படாது, முகம் பருக்காது, தமிழ் எழுத்து ஒழுங்காக விழும். டிவிடி காலத்தில் ஒழுங்காகச் செய்தால் ஒரு ராத்திரி தின்றிருக்கும் வேலை இன்று ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிகிறது. ட்ரோன் ஷாட்டுக்கும் எல்இடி சுவருக்கும் தனித்தனியாகப் பில் போடும் ஸ்டுடியோக்கள் ‘சீர்வரிசைப் பெயரோடு மெனு, நேரடிச் சத்தம் தனியாக’ என்று இன்னொரு வரியையும் சேர்க்கட்டும், அதற்கு ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொள்ளட்டும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டியது கல்யாண வீட்டாரின் வேலை.