முத்தின் தரமும் பனுவலின் வகையும்: முத்துக்குளித்துறைப் பதிவுகளின் மின்பதிப்பு குறித்து ஒரு கருத்துரை

எதை மின்னுருவாக்குவது என்பது பற்றிப் பேசும் அளவிற்கு, மின்னுருவாக்கியதை எவ்வாறு பகுத்து வைப்பது என்பது பற்றித் தமிழ்த்துறைகளில் பேசப்படுவதில்லை. அது நூலகருக்கோ கணிப்பொறி வல்லுநருக்கோ உரிய வேலை என்று விட்டுவிடுகிறோம். அவ்வாறு விடத்தகாது என்பதே இக்கருத்துரையின் நிலைப்பாடு. முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளுள் ஒன்றாகிய மணப்பாட்டைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்கலாம்.

மணப்பாட்டில் முதியவர் ஒருவர் தாம் கடலில் மூழ்கிய காலத்தை நினைவுகூர்வதை ஓர் ஆய்வாளர் ஒலிப்பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். அப்பேச்சில் கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றின் பெயர்கள் வரும்; பார்களின் பெயர்கள் வரும்; புனித சவேரியார் தங்கிய குகை பற்றிய நம்பிக்கை வரும்; இடையே ஓர் அம்பாப் பாட்டும் வரலாம். மின்காப்பகத்தின் உள்ளீட்டுப் படிவமோ ‘வகை’ என ஒரே ஒரு புலத்தைத் தருகிறது. நாட்டார் வழக்காறு, வட்டார வழக்கு, கிறித்தவம், வாய்மொழி வரலாறு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். முதலாவதைத் தேர்ந்தால், காற்றின் பெயரைத் தேடிவரும் சொல்லாய்வாளருக்கும் சவேரியார் மரபை ஆராய்பவருக்கும் அப்பதிவு இல்லாததாகிவிடும்.

இக்கடற்கரையின் முத்து வணிகர் இதனினும் நுட்பமாகப் பகுக்க அறிந்திருந்தனர். 20 கண்கள் உடையதில் தொடங்கி 1000 கண்கள் உடையது வரையிலான பத்துச் சல்லடைகளில் முத்துகளை முதலில் சலிப்பர். அதனால் அளவு புலப்படும். பின்னர் உருட்சியும் ஒளியும் நோக்கி, ஆணி முதலாகத் தூள் ஈறாகத் தரம் பிரிப்பர். இரண்டும் குறைவற அமைந்தது ஆணி. அவற்றுள் ஒன்று சிறிதே குறைந்தால் அடுத்த தரம். எடை தனியே நோக்கப்படும். ஒன்றையொன்று சாராத இக்கூறுகள் யாவும் சேர்ந்தே விலையை முடிவு செய்தன. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசராசன் காலக் கல்வெட்டுகளும் வட்டம், அனுவட்டம், இரட்டை, கறடு, சிவந்த நீர், குளிர்ந்த நீர் என வடிவு, மேற்பரப்பு, ஒளி ஆகியவற்றை வேறுவேறாகவே சுட்டுகின்றன. முத்தை ஒரே பெட்டியில் அடைத்துப் பெயரிடுதல் அம்மரபன்று.

நூலகவியலில் இதே கருத்தை முறைப்படுத்தியவர் சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். அரங்கநாதன். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு பொருளை ஆயத்தப் பட்டியலில் ஓரிடத்தில் பொருத்துவதற்கு மாறாகப் பல கூறுகளை இணைத்து அதன் இடத்தைக் கட்டமைக்கிறது. உலகம் கற்றுக்கொண்ட இம்முறையை நம் மின்காப்பகங்கள் பலவற்றில் காணாதிருப்பது வியப்பே.

அச்சுப் பனுவல்களிலும் இச்சிக்கல் உண்டு. அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586இல் புன்னைக்காயலில் அச்சானதாகக் கருதப்படுகிறது. இதனைக் கிறித்தவ இலக்கியம் என்று மட்டும் குறித்தால் தொடக்ககால உரைநடை, மொழிபெயர்ப்பு, அச்சு வரலாறு, கடற்கரைப் பேச்சுமொழி என்னும் பிற வாயில்கள் அடைபடுகின்றன. ‘கருதப்படுகிறது’ என்பதும் ஒரு தரவே; ஆகவே அச்சிட்ட இடத்திற்கான புலத்தருகே, அச்செய்தியின் உறுதிநிலைக்கும் ஒரு புலம் வேண்டும். மேலும் அந்நூலின் எழுத்துமுறை, எகர ஏகார வடிவங்களை வீரமாமுனிவர் வேறுபடுத்தியதற்கு முந்தையது. மூல வடிவும் சீர்செய்த வடிவும் தனித்தனி அடுக்குகளாக இல்லையெனில், பதிப்பாசிரியரின் வாசிப்பே மூலமென மயங்க நேரும். 1987இல் தொடங்கிய டி.இ.ஐ. உரைக்குறியீட்டு முறை இதற்கு வழிசெய்துள்ளது.

புலங்கள் பெருகினால் உழைப்பும் பெருகும். நிதியும் ஆளும் குறைந்த துறைகளுக்கு இது சுமை என்பது நேர்மையான மறுப்பு. எல்லாப் புலங்களையும் முதல் நாளே நிரப்ப வேண்டியதில்லை என்பதே என் விடை. ஆயின், படிவத்தில் இடமே இல்லாத ஒன்றைப் பின்னர் நிரப்புதல் அரிது. குறிப்பாக, ‘யார் காணலாம்’ என்னும் புலத்தை எவ்வகையிலும் தவிர்க்கலாகாது. கரையின் கோபுரத்தையும் மணற்குன்றையும் அடையாளமாகக் கொண்டு கடலடிப் பாரைக் கண்டறியும் அறிவு, சொன்னவரின் பிழைப்போடு பிணைந்தது. அவரைக் கேளாமல் அதனை வரைபடப் புள்ளியாக்கி வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை.

தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நிகழவில்லை. அன்று இளைஞராய் மூழ்கியோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். எனவே, பகுப்பு முழுமையாகும் வரை பதிவைத் தள்ளிவைக்க வேண்டும் என்று கூறமாட்டேன். பேசியவர், ஊர், நாள், அவர் குறித்த காற்று, அவர் விதித்த வரம்பு ஆகிய ஐந்தையேனும் தனித்தனியே எழுதிக்கொண்டு இவ்வாண்டே களத்திற்குச் செல்லலாம்.