படபடப்பு பிறக்கும் இடம்

இருதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகும் நோய்களில் அதிகம் காணப்படுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கம். மேலறை முழுவதும் அலைந்து திரியும் மின்னலைகளே அதற்குக் காரணம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1998-ல் பிரான்சு தேசத்தின் போர்தோ நகரில் மிஷேல் ஐசாகேர் என்னும் மருத்துவரின் குழுவினர், மருந்துக்கு அடங்காத 45 நோயாளிகளை ஆராய்ந்தனர். நடுக்கத்தைத் தொடங்கிவைத்த பொறிகளில் 94 சதவீதம் மேலறையில் அல்ல, நுரையீரலிலிருந்து சுத்த இரத்தத்தைக் கொண்டுவரும் சிரைகளுக்குள், 2 முதல் 4 சென்டிமீட்டர் தள்ளிப் பிறந்தன! இருதயத் தசையின் இழைகள் அந்தச் சிரைகளின்மேலும் உறைபோலப் படர்ந்திருக்கின்றன.

முதலில் பொறி எழும் இடத்தையே சுட்டார்கள். சிலருக்குச் சிரை சுருங்கிப்போயிற்று. ஆகவே இப்பொழுது தொடையிடுக்கின் சிரை வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழலைச் செலுத்தி, மேலறைகளின் இடைச்சுவரைத் துளைத்துச் சென்று, நுரையீரல் சிரைகளின் வாயைச் சுற்றி வெப்பத்தாலோ உறைகுளிராலோ தழும்பு வளையம் இடுகிறார்கள். பொறி எழுந்தாலும் வளையத்தைத் தாண்டாது. மார்பைத் திறக்க வேண்டியதில்லை. சிலருக்கு மறுமுறையும் தேவைப்படும்.

துடிப்பு சீரானவுடன், இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நடுக்கம் உணராமலே திரும்பலாம். மேலறையில் தேங்கிய இரத்தம் கட்டியாகி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து, நிறுத்தலாமா என்பதை மருத்துவரே சொல்லவேண்டும்.