லீவுக்கு முந்தின கடிதம்: அதை யார் யார் வாசித்தார்கள்?

போர்முனையில் இருக்கிற ஒருத்தன் மனைவிக்கு எழுதிய கடிதம் எங்கேயாவது கண்ணில் பட்டால், நாங்கள் எல்லாரும் அநேகமாக ஒரே மாதிரித்தான் வாசிக்கிறோம். 'லீவு கிடைக்கும் போல இருக்கு, பிள்ளைகளுக்குச் சொல்லு' என்ற இடத்தில் மனம் இளகும். உடனே, அவன் வந்து சேர்ந்தானா என்று தேடுவோம். வந்திருந்தால் அது காதல் கதை. வராவிட்டால் சோகக் கதை. ரெண்டுமே பகிர்வதற்கு நல்லாயிருக்கும். ஆனால் இந்த வாசிப்பு போதாது என்பது எங்கட கருத்து. ஏனென்றால் போர்க்காலக் கடிதம் ஒன்றுக்கு ஒருபோதும் ரெண்டு பேர் மட்டும் சொந்தக்காரர் இல்லை.

முதலாம் உலகப் போரை எடுத்துப் பார்ப்போம். பிரித்தானியச் சிப்பாய் வீட்டுக்கு எழுதினால் முதலில் வாசிப்பது அவனுடைய படைப்பிரிவு அதிகாரி. இடத்தின் பெயர், நகர்வு, இழப்பு எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்தில் நின்று கட்டளை போடுகிற ஆள்தான் தன் மனைவிக்கு எழுதியதையும் வாசிக்கப் போகிறான் என்று தெரிந்தவன் என்னத்தை எழுதுவான்? இதற்காகத்தான் பச்சை நிற உறை ஒன்று கொடுத்தார்கள். உள்ளே குடும்ப விஷயம் மட்டும்தான் என்று கையெழுத்து வைத்து ஒட்டினால் படைப்பிரிவில் பிரிக்க மாட்டார்கள். பின்தளத்தில் வேண்டுமானால் பிரிப்பார்கள். அந்த உறையும் நினைத்த நேரம் கிடைக்கிற சாமான் இல்லை.

எழுத நேரம் இல்லாதவனுக்கு அச்சடித்த தபாலட்டை. நலமாக இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உன் கடிதம் கிடைத்தது, கன நாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை - இப்படிச் சில வசனங்கள் இருக்கும். பொருந்தாததை வெட்டிவிட்டுத் திகதியும் கையெழுத்தும் வைக்க வேண்டும். வேறு ஒரு சொல் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே எச்சரிக்கை. இலட்சக்கணக்கில் போன அந்த அட்டையில் 'லீவில் வருகிறேன்' என்ற வசனம் இல்லை. 'பயமாக இருக்கிறது' என்பதும் இல்லை. வீட்டுக்கு எதைச் சொல்லலாம் என்பதை இராணுவம் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தது.

இந்தியச் சிப்பாய்களின் நிலை இன்னும் சிக்கல். 1914 செப்டெம்பர் கடைசியிலிருந்து லாகூர், மீரட் டிவிஷன்கள் பிரான்ஸில் வந்து இறங்கின. அவர்களில் அநேகம் பேருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருத்தனைப் பிடித்து, சொல்லச் சொல்ல எழுதுவித்தார்கள். கடிதம் தணிக்கையாளரிடம் போகும். பிறகு கடல் கடந்து ஊருக்குப் போனால், அங்கே மனைவிக்கும் வாசிக்கத் தெரியாவிட்டால் வேறொருத்தர் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு கணவன் மனைவிக்குச் சொல்ல நினைத்த ஒரு வார்த்தைக்கு இடையில் எத்தனை காது, எத்தனை கண் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான கடிதங்கள் தகப்பனுக்கும் சகோதரனுக்கும் போனதிலும், காணி, காசு, மாடு, பிள்ளையின் கலியாணம் என்று நீண்டதிலும் ஆச்சரியம் இல்லை.

தணிக்கைக்குள்ளும் ஆட்கள் வழி கண்டுபிடித்தார்கள். இந்தியப் படையைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைப் படையைச் சிவப்பு மிளகு என்றும் வைத்துக்கொண்டு, எந்த மிளகு முடிந்துகொண்டு வருகிறது என்று ஊருக்கு எழுதினார்கள். தணிக்கையாளர்கள் அதைக் கண்டுபிடித்தும் விட்டார்கள். லீவு விஷயத்திலும் மனக்கசப்பு வெளியே தெரிந்தது. காயம்பட்டால் ஊருக்கு அனுப்புவார்கள் என்று நம்பியிருந்தவர்களைச் சுகமானதும் திரும்ப முன்னரங்குக்கே அனுப்பினார்கள். பிரைட்டன் நகரத்து அரண்மனை ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்கு, நல்ல கட்டிலும் நல்ல சாப்பாடும் இருந்தும், வீடு கிட்ட வரவில்லை.

இதில் பெரிய முரண் ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதங்களை இன்றைக்கு நாங்கள் வாசிக்க முடிவதே வேவு பார்த்ததால்தான். தணிக்கை அலுவலகம் மொழிபெயர்த்து அறிக்கையில் சேர்த்த பகுதிகள் லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் கிடக்கின்றன. டேவிட் ஒமிஸ்ஸி 1999இல் அவற்றிலிருந்து தேர்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். ஊருக்குப் போன மூலக் கடிதங்களில் பெரும்பகுதி மண்ணோடு போய்விட்டது. மனைவியின் பக்கமிருந்து வந்த பதில் அதிலும் குறைவு. காப்பகத்தில் சிப்பாயின் குரல் அரைகுறையாக இருக்கிறது. காத்திருந்தவளின் குரல் அநேகமாக இல்லை.

அவளையும் சும்மா விடவில்லை. பிரித்தானியாவில் சிப்பாய்களின் மனைவிமாருக்குப் பிரிவுக் கொடுப்பனவு கொடுத்தார்கள். 1914 கடைசியிலேயே, 'தகுதியற்ற' மனைவிமாரின் கொடுப்பனவை நிறுத்தலாம் என்று முடிவெடுத்து, அவர்களின் நடத்தையைக் கவனிக்கும் வேலையைப் பொலிசிடம் கொடுத்தார்கள். குடிக்கிறாளா, யாரோடு கதைக்கிறாள் என்று பார்த்தார்கள். அவனுடைய கடிதத்தை அதிகாரி பிரிக்கிறான், அவளுடைய வாசலைப் பொலிஸ் பார்க்கிறது. நாங்கள் காதல் கதை என்று வாசிக்கிற கடிதம் இந்த ரெண்டு காவலுக்கும் நடுவால் போய் வந்தது.

இதை ஏன் இப்ப எழுதுகிறோம் என்று கேட்கலாம். எங்கட நாட்டிலும் கடிதங்கள் இருந்தன. பலாலியிலிருந்தும் ஆனையிறவிலிருந்தும் தெற்கு நோக்கிப் போனவை இருந்தன. வன்னிக்குள்ளிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தவையும் இருந்தன. ஒரு பக்கத்துக் கடிதம் அலுமாரியில் இருக்கலாம், வீரன் என்ற பெயரோடு வெளியே எடுத்துக் காட்டலாம். மற்றப் பக்கத்துக் கடிதத்தைச் சுற்றிவளைப்புக்கும் சோதனைச்சாவடிக்கும் பயந்து எரித்தார்கள், புதைத்தார்கள், கிணற்றில் போட்டார்கள். அழிந்தது காகிதம் மட்டும் இல்லை. 'அவன் இருந்தான், இந்தத் திகதியில் உயிரோடு இருந்தான்' என்பதற்கு ஒரு தாயிடமும் மனைவியிடமும் இருந்த ஒரே சாட்சியும் சில வீடுகளில் அதோடு போனது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் ரோட்டோரம் இருந்து போராடத் தொடங்கிய தாய்மாரின் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு போட்டோதான்.

ஆமிக்காரனின் கடிதத்தையும் வாசிக்கச் சொல்கிறீர்களா என்று கோபப்படுகிறவர்கள் எங்கட நண்பர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மனைவிக்கு அன்பாக எழுதிய கைதான் துவக்கையும் பிடித்தது. கடிதத்தின் அன்பு துவக்கின் கணக்கைத் தீர்க்காது, தீர்க்கவும் கூடாது. நீதி கேட்கிற இடத்தில் கண்ணீர்க் கடிதத்தைக் காட்டி வாயை அடைப்பதை நாங்கள் ஏற்க மாட்டோம். ஆனாலும் வாசிக்கத்தான் வேணும் என்கிறோம். 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்காக நிறைவேற்றிய சட்டம், போரில் காணாமற்போன படையினரையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதன்படி, லீவில் வருவான் என்று பார்த்திருந்து, உடலும் வராமல், பதிலும் வராமல் இருக்கிற சிங்களப் பெண்ணும் முல்லைத்தீவுப் பெண்ணும் ஒரே கதவைத்தான் தட்டுகிறார்கள். ரெண்டு பேருக்கும் அரசு இதுவரை சரியான பதில் சொல்லவில்லை. இதைப் பேசாமல் வீரக் கதையும் துரோகக் கதையும் மட்டும் பேசினால் அரசுக்குத்தான் வசதி.

ஆகவே எங்கட கோரிக்கை சின்னது. வீட்டில் போர்க்காலக் கடிதம் மிஞ்சியிருந்தால் எறிய வேண்டாம். பேஸ்புக்கில் போடவும் வேண்டாம், அதில் உயிரோடு இருக்கிறவர்களின் பெயர் இருக்கும். முதலில் அது யாருக்கு வந்ததோ அவரிடம் கேளுங்கள். வந்த கடிதத்தைப் பற்றி மட்டும் கேட்காமல், அவர் என்ன பதில் எழுதினார், எழுத நினைத்து எதை விட்டார், தபால் வராத மாதங்களில் எப்படிச் சீவித்தார் என்றும் கேளுங்கள். அவர் சம்மதித்தால் திகதி போட்டு எழுதி வையுங்கள். சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஏற்கனவே எத்தனையோ பேர் கேட்காமல் பிரித்து வாசித்த கடிதங்கள் அவை.