காலி பாக்கெட்டுக்கும் ஒரு விலை வேண்டும்

ஷாம்பு பாக்கெட்டைத் தடை செய்யுங்கள் என்று எங்கள் நுகர்வோர் சங்கம் கேட்கவில்லை. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவருக்கு ஒரு மாதத்து பாட்டிலை ஒரே தடவையில் வாங்கக் கட்டுப்படியாகாது. அவருக்கும் ஷாம்பு எட்டட்டும் என்று கடலூர் சின்னிகிருஷ்ணன் அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்தது நல்ல எண்ணம்தான். காலியான பாக்கெட் யார் பொறுப்பு என்பதில்தான் எங்கள் வழக்கு.

குப்பை வண்டியோடு ஒரு காலை நடந்து பாருங்கள். பால் கவரைத் தூய்மைப் பணியாளர் உதறித் தனிச் சாக்கில் போட்டுக்கொள்வார். பழைய இரும்புக் கடையில் எடைக்குக் காசு கிடைக்கும். ஷாம்பு பாக்கெட்டை எடுக்கமாட்டார். பல அடுக்குகள் ஒட்டிய அந்த உறையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம் என்பதால் வாங்க ஆளில்லை. ஒரு கிலோ சேர்ப்பதற்குள் ஆயிரக்கணக்கான முறை குனியவும் வேண்டும். கடைசியில் அது சாக்கடைக்குப் போகிறது.

2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது, ஆலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு விலக்கு இருந்தது. பெட்டிக்கடைக்காரர் பையை ஒளித்துவைத்தார். ஷாம்பு சரம் அவர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது. உறையைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது மத்திய அரசின் 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகள் சுமத்தியது உண்மை. ஆனால் 2022 முதல், எங்கோ ஓர் ஆலையில் அந்த எடைக்குப் பிளாஸ்டிக் கையாளப்பட்டதாகச் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளலாம். எங்கள் தெருச் சாக்கடை அந்தக் கணக்கில் வருவதில்லை. விளம்பரத்தில் பச்சை இலை மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

காலி பாக்கெட்டைத் திரும்ப வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று கம்பெனிகள் சொன்னால் நாங்கள் ஏற்கமாட்டோம். சின்னிகிருஷ்ணனின் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பு, சந்தையைப் பிடிக்க ஒரு திட்டம் போட்டது: எந்தக் கம்பெனியுடையதானாலும் ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். கடைக்காரர்கள் எண்ணி வாங்கினார்கள். நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக்கும், உயர் நீதிமன்றம் வலியுறுத்திய பிறகுதான் என்றாலும், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் தந்தால் திருப்பித் தரத் தொடங்கியது.

ஷாம்புக்கு ரூபாய்க் கணக்கு சரிப்படாது. இவ்வளவு சிறிய பாக்கெட்டுக்குச் சில்லறைக் காசைத்தான் கூடுதலாக வாங்க முடியும், நாலணாவோ 2011-லேயே செல்லாமல் போயிற்று. ஆகவே பாக்கெட்டுக்குப் பாக்கெட் என்பதே எங்கள் கோரிக்கை: பத்து காலிக்கு ஒன்று, கம்பெனி செலவில். பெரிய கடைகளில், முன்பு எண்ணெய் அளந்து ஊற்றியதுபோல, ஷாம்புவும் கேனிலிருந்து சில்லறையாகக் கிடைக்க வேண்டும்.

கடைக்காரர்கள் சொல்லும் குறையும் நியாயமானதுதான். காலி பாக்கெட் பிசுபிசுக்கும், கடையில் இடமும் இல்லை. மூடி போட்ட டப்பாவைக் கம்பெனி தரட்டும். எண்ணி வாங்கும் வேலைக்குக் கமிஷனும் தரட்டும். வாரந்தோறும் சரக்கு இறக்கிவிட்டு ஏஜென்சி வண்டி காலியாகத்தானே திரும்புகிறது, அதிலேயே ஏற்றிப் போகட்டும்.