எந்தப் பாட்டு வேண்டும் என்று கேளுங்கள்

திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் இசை, நடனக் கல்லூரி நடத்துகிறது. எலும்பு, மூட்டு சிகிச்சைக்குப் பேர்போன பர்டு மருத்துவமனையும் அதனுடையதே. சுவிம்ஸ் மருத்துவமனையும் தேவஸ்தானத்தின் ஆதரவில் வளர்ந்தது. அன்னமய்யாவின் கீர்த்தனைகள் பொறித்த செப்பேடுகளைக் காத்துவந்த ஊரில், பாடத் தெரிந்தவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. இருந்தும் நோயாளியின் காதுக்கு இசை முறையாகப் போய்ச் சேருவதற்கு இன்னும் வழி செய்ய வேண்டியிருக்கிறது.

மூட்டு மாற்று அறுவைக்கு முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், காது மட்டும் மரத்துப்போகாது. ரம்பம் அறுப்பதும் சுத்தியல் தட்டுவதும் நோயாளிக்குக் கேட்கும். அந்த நேரத்தில் ஹெட்போனில் பிடித்த பாட்டு ஓடினால் எவ்வளவு ஆறுதல்! இது வெறும் நம்பிக்கையல்ல. அறுவை சிகிச்சையும் இசையும் பற்றிய 73 ஆய்வுகளை 2015இல் ‘லான்செட்’ இதழில் தொகுத்துப் பார்த்தார்கள். சுமார் 7,000 நோயாளிகள். இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை.

வலியையும் பதற்றத்தையும் தணிப்பது வேறு, நோயைக் குணப்படுத்துவது வேறு. ஆகவே, இந்த ராகம் சர்க்கரையைக் குறைக்கும், அந்த ராகம் ரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்று அட்டவணை போட்டுக் கொடுப்பவர்களை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இசை மருந்துக்குத் துணை; மாற்று அல்ல.

பக்கவாதத்தில் பேச்சிழந்த சிலருக்குப் பாட வரும். அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டே பேச்சை மீட்கும் பயிற்சி 1970களிலிருந்து இருக்கிறது. அதற்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் வேண்டும். மருத்துவமனையில் அவருக்குப் பணியிடம் உருவாக்கியே தீர வேண்டும்.

டயாலிசிஸ் பிரிவுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. ஊசி குத்திய கையை அசைக்காமல் நான்கு மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவருக்கு ஒரு ஹெட்போன், அதைத் துடைத்து வைக்க ஓர் ஆள் போதும். வார்டு முழுக்க ஒலிபெருக்கி வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சித்தூர்ப் பக்கத்தில் ஒருவருக்கு கண்டசாலா, அடுத்த கட்டிலில் டி.எம்.எஸ்., அதற்கடுத்தவருக்கு நாகூர் ஹனிபா. பக்திப் பாடலே ஆனாலும் தூங்கத் தவிப்பவருக்கு அது இரைச்சல்தான். சேர்க்கும்போதே கேஸ் ஷீட்டில், சர்க்கரை உண்டா, அலர்ஜி உண்டா என்பதோடு என்ன பாட்டு பிடிக்கும் என்றும் நர்ஸ் எழுதிக்கொள்ளட்டும். ஒன்றும் வேண்டாம் என்றால் அதையும் எழுதட்டும்.