தறிக்கவேண்டிய மரம் எது?

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 6ஆந் தேதி காலை, கொழும்பு கொள்ளுப்பிட்டியில், மழைக்கிடையே சென்றுகொண்டிருந்த பேருந்து ஒன்றின்மீது வீதியோரத்துப் பெருமரம் ஒன்று சாய்ந்து விழுந்தது. 5 பேர் உயிரிழந்தனர். அச்செய்தி வந்த அன்று மாலை இந்நாட்டிலே எத்தனையோ குடும்பத்தினர் தத்தம் வாயிலில் நின்று, அதுவரை நிழலுக்காக மாத்திரம் நினைத்திருந்த மரத்தை அண்ணாந்து பார்த்திருப்பர். நாமும் பார்த்தோம்.

எமது ஒழுங்கையார் பார்த்ததோடு அமையவில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளின் இயல்பை நேயர்கள் அறிவர். ஒருவர் வீட்டுக் கொப்பு மற்றொருவர் ஓட்டின்மேலும், மூன்றாமவர் வீட்டுச் சருகு நான்காமவர் கிணற்றினுள்ளும் விழுவதே அவற்றின் நியதி. பல்லாண்டுகளாய் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த சருகுப் பகையெல்லாம் அந்த ஒரு செய்தியினால் உயிர்ப் பயமாக உருமாறிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அயலவர் கூடினர். பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதவேண்டும் என்றனர். கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பிக்கின்ற குற்றத்துக்காக அதனை எழுதும் பணி எம்மிடம் வந்து சேர்ந்தது.

"ஒழுங்கை முகப்பிலை நிக்கிற புளிதான் மாஸ்ரர் முதலிலை போகவேணும். அடியெல்லாம் கோறை. எப்ப விழுமோ தெரியாது," என்றார் ஒருவர். ஏனையோர் ஆமோதித்தனர். நாமும் எழுதிவிட்டோம்.

அப்புளி தனித்து வாழும் மூதாட்டி ஒருவருடைய வளவில் நிற்பது. அதன் அடியில் ஒரு சூலம் நாட்டி வைரவருக்கு விளக்கேற்றி வருபவர் அவர். செய்தியை அவருக்கு அறிவிக்கவும் எம்மையே அனுப்பினர். ஆச்சி கோபிக்கவில்லை. "தறிக்கிறதெண்டால் தறியுங்கோ தம்பி. ஆனால் விழும் எண்டு உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?" என்று மாத்திரங் கேட்டார். நாம் மறுமொழி கூறமாட்டாது நின்றோம். எமக்கு வடிவாகத் தெரியாது. தெரிந்ததாக எழுதிய விண்ணப்பமோ எமது சட்டைப் பையில் இருந்தது. அதனைப் பையிலேயே வைத்துக்கொண்டு, அயலவரிடம் இரண்டு கிழமை தவணை கேட்டோம்.

மரமொன்றை அபாயமானது என்று சொல்வதற்கு மரம் மட்டும் போதாது. ஆள் நடமாட்டமில்லாத வெளியிற் பட்டுப்போய் நிற்கும் மரம் முறிந்தால் கிளிக்கும் ஆந்தைக்குமே வீடு போகும். அதே மரம் பாலர் பாடசாலை வாயிலில் நிற்குமாயின் கதை வேறு. ஆதலின் ஆராயப் புகுபவர் முதலிற் பார்க்கவேண்டியது மரத்தையன்று, அதன் உயரமளவுக்குச் சுற்றியுள்ள நிலத்தையே. அங்கே யார் வசிக்கின்றனர், யார் எவ்வளவு நேரம் நிற்கின்றனர், எதனை இடம் மாற்றலாம் என்று கணக்கெடுக்க வேண்டும். சில வேளைகளில் மரத்தைத் தறிப்பதிலும் பார்க்க அதன்கீழுள்ள வாங்கை அப்பால் எடுத்துப் போடுவது சுலபம். முறியுமா, முறிந்தால் எவ்வளவு பாரம் விழும் என்னுங் கேள்விகள் இதன் பின்னரே எழுவன.

கோறை என்ற சொல்லே எல்லோரையும் அச்சுறுத்துகிறது. ஆனால் மரத்தின் நடுவிலுள்ள வைரம் உயிரற்ற பகுதி. நீரும் உணவும் செல்வது பட்டையிலும் அதனை அடுத்த வெளிவட்டங்களிலுமே. காற்று மரத்தை வளைக்கும்போது பெரும்பாலான விசையைத் தாங்குவதும் அவ்வெளிப்பகுதிதான். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். வட்டமான தண்டின் நடுவே சரிபாதி விட்டம் கோறையாய்ப் போனால், வளைவைத் தாங்கும் வலிமையில் அது இழப்பது அரையின் நான்காம் அடுக்கு, அதாவது 16இல் 1 பங்கு. நூற்றுக்கு 6 பங்குக்குச் சற்று மேல், அவ்வளவே! விட்டத்தில் 10இல் 7 பங்கு கோறையாயினும் இழப்பு நூற்றுக்கு 24 பங்குதான். அதற்கப்பால் நிலைமை விரைந்து கெடும். சுவர் மெலிந்த குழாய் மடிவதுபோல மரமும் மடிந்து முறியும். ஜேர்மனிய அறிஞர் கிளவுஸ் மத்தெக் என்பார், முறிந்த மரங்களையும் முறியாத மரங்களையும் ஒப்பிட்டு, எஞ்சிய சுவரின் தடிப்பு ஆரையில் 10இல் 3 பங்குக்குக் குறையலாகாது என்று ஒரு வரையறை கூறினார். வாய் அகன்று திறந்த பொந்துக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே சுவர் இன்னுந் தடிப்பாக வேண்டும்.

ஒரு மாணவனைத் துணைக்கொண்டு ஆச்சியின் புளியை அளந்தோம். அடியின் சுற்றளவு 11 அடி. ஆகவே ஆரை 21 அங்குலம். பொந்தினுள் கம்பி விட்டும், மரச்சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டும் பார்த்ததில், சுவர் எவ்விடத்தும் 9 அங்குலத்துக்குக் குறையவில்லை. பொந்தின் வாயும் ஒரு சாணளவே. அடியிற் காளான் இல்லை, நிலத்தில் வெடிப்பில்லை. சாய்வு இருந்தது, உண்மைதான். ஆனால் தண்டு அடியிற் சாய்ந்து, மேலே செல்லச் செல்ல நிமிர்ந்திருந்தது. என்றோ ஒருநாட் சாய்ந்து பின்னர் தன்னைத் திருத்திக்கொண்ட மரத்தின் அடையாளம் அது. நாம் அஞ்சவேண்டியது அண்மையிற் சாய்ந்த மரத்துக்கே. புளியிற் கண்ட ஒரே குறை, அயலவர் ஓட்டின்மேல் நீண்டிருந்த ஒரு பட்ட கொப்பு. அதனைச் சொன்னபோது, "மூண்டு வரியமாச் சொல்லுறன் தம்பி, ஏறுறதுக்கு ஆளில்லை," என்றார் ஆச்சி.

கொப்பு அரிவதைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. அமெரிக்கரான அலெக்ஸ் ஷைகோ (1930-2006) ஆயிரக்கணக்கான மரங்களை வாளினாற் பிளந்து ஆராய்ந்தவர். மரத்தின் காயம் எம்முடைய காயம்போல ஆறுவதில்லை. மரம் அதனைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதிய வட்டத்தை வளர்க்கிறது என்று காட்டினார். ஆகவே வெட்டுவாயில் தார் பூசுவதாலோ, எமது பெரியோர் வழக்கப்படி சாணம் அப்புவதாலோ அழுகல் நின்றுவிடாது. கொப்பின் அடியில் மோதிரம்போலத் தடித்திருக்கும் கழுத்துக்கு வெளியே அரிந்தால் மரம் தானே அடைத்துக்கொள்ளும். தண்டோடு ஒட்ட அரிவது கண்ணுக்கு அழகு; அழுகலுக்கு வாயில் திறப்பதும் அதுவே. மரத்தை மொட்டையடிப்பதோ இதனினும் பெருங்கேடு. மொட்டையிலிருந்து கொத்தாய்க் கிளம்பும் கொப்புகள் மேலெழுந்தவாரியாகவே ஒட்டியிருப்பன. சில ஆண்டுகளிற் பாரமேறியதும் அவையே பிய்ந்து விழும்.

ஏனைய வளவுகளை விரைவிற் பார்த்து முடித்தோம். விண்ணப்பத்திற் கையொப்பமிட முதலில் முன்வந்தவருடைய தென்னையிற் செவ்வண்டு துளைத்த துவாரங்களும், அவற்றிலிருந்து வழிந்த கபில நிறச் சாறும் காணப்பட்டன. வட்டு எந்நேரமும் முறிந்து விழலாம் என்றோம். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு அதற்கு உடன்பட்டார்.

இறுதியாக எமது வளவுக்கு வந்தோம். அங்கே நின்ற வேம்பு 40 அடி உயரம், தண்டின் விட்டம் 18 அங்குலம், பொந்தில்லை, புழுவில்லை. அதன் கொப்பில் எமது மகளின் ஊஞ்சல் தொங்கியது. ஒப்புக்காகவே அதனைச் சுற்றி நடந்தோம்.

2019ஆம் ஆண்டிலே நாம் வடகிழக்கு எல்லையிலிருந்த கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் எழுப்பினோம். அத்திவாரம் 2 அடி ஆழம். வேம்பின் அடியிலிருந்து 4 அடி தூரம். கிடங்கு வெட்டியவர், "மாஸ்ரர், கைமொத்தத்திலை வேர் குறுக்கை கிடக்குது, என்ன செய்ய?" என்று கேட்டமை இன்னும் நினைவிலிருக்கிறது. மேசனார் காத்திருந்தார்; சீமெந்தும் வந்திறங்கியிருந்தது. "வெட்டுங்கோ" என்றோம்.

மரத்தின் வேர் ஆணிபோல ஆழச் செல்லும் என்பது பாடப்புத்தகப் படத்தினால் வந்த எண்ணம். வளர்ந்த மரத்தின் வேர்களிற் பெரும்பகுதி மேல்மண்ணின் 2 அடிக்குள்ளேயே, கொப்புகளின் விரிவுக்கும் அப்பாலே, பக்கவாட்டில் ஓடுகின்றது. சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய செம்மண் படிந்த எமது நிலத்தில் ஆழத்துக்கு வழியும் குறைவு. தண்டின் விட்டத்தைப்போல 12 மடங்கு தூரத்துக்குள் நிலத்தைத் தோண்டலாகாது என்பது மரவியலாரின் பொதுவான விதி. 18 அங்குல வேம்புக்கு அது 18 அடியாகும். நாம் 4 அடியில் வெட்டினோம்! அதுவும், கார்த்திகையில் வாடைக் காற்று வந்து மோதும் பக்கத்தில். கூடாரத்தைக் காற்றுப் பக்கத்திற் கட்டிய கயிறுகள் இழுத்துப் பிடிப்பதுபோல அப்பக்கத்து வேர்களே மரத்தை இழுத்துப் பிடிப்பன.

குனிந்து சருகை விலக்கினோம். மதிலுக்கும் மரத்துக்கும் இடையே 3 அடி நீளத்துக்கு நிலம் வெடித்திருந்தது. விரல் உள்ளே சென்றது. மேலே பார்த்தால், அப்பக்கத்து இலைகள் ஐதாகியிருந்தன. மரம் விழுமாயின் ஒழுங்கையின் மேலேயே விழும். காலையிற் பள்ளிப் பிள்ளைகள் வாகனத்துக்குக் காத்து நிற்கும் மின்கம்பத்தடி அதன் எட்டுக்குள் இருந்தது. பிறர் மரங்களுக்கு விண்ணப்பம் எழுதியவர் நாம் என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

"கயிறு கட்டி நிப்பாட்டேலாதோ அப்பா?" என்று மகள் கேட்டாள். பிளவுபடும் கொப்புகளைக் கம்பியாற் பிணைக்கலாம். அறுந்த வேரை எதனாற் பிணைப்பது? கொப்புகளைக் குறைத்துச் சில காலம் வைத்திருக்கலாம் என்று ஓரிரவு முழுவதும் எண்ணினோம். கீழே நிற்பவர்கள் பிள்ளைகள். அவர்களை மழைக்காலம் முழுவதும் வேறிடத்தில் நிற்கச் செய்ய எம்மால் இயலாது. தறிப்பதென்றே முடிவு செய்தோம்.

முதலில் ஒரு மரவியாபாரி வந்தார். வேம்பைப் பார்த்தார், புளியையும் பார்த்தார், இரண்டுமே நாளைக்கு விழும் என்றார். மரத்தை விலைக்கு வாங்குபவரே மரத்துக்கு நாடி பார்த்தால் எந்த மரமும் பிழைக்காது. கூலிக்கு மாத்திரம் வேலை செய்யும் வேறொருவரை அழைத்தோம். அதற்கு முன் கிராம அலுவலரிடம் விசாரித்துப் பிரதேச செயலகத்துக்கும் அறிவித்தோம். பலாவையும் பனையையும் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பிற மரமாயினும் கேட்டுச் செய்வதே முறை. மின்சாரப் பகுதியினர் வந்து கம்பியின் மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே அவர் ஏறினார். உச்சியிலிருந்து துண்டு துண்டாய் அரிந்து கயிற்றில் இறக்கினார். எஞ்சிய 12 அடித் தண்டுக்கு, விழவேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவான வெட்டும், மறுபக்கத்தில் அதற்குச் சற்று மேலே பின்வெட்டும் இட்டு, நடுவிற் கீல்போல ஒரு பட்டி மரத்தை அரியாது விட்டார். அது கதவு சாத்துவதுபோல மெல்லச் சாய்ந்தது. அன்றே ஆச்சியின் புளியிலேறி அந்தப் பட்ட கொப்பையும், அயலவர் தென்னையையும் முடித்துக் கொடுத்தார்.

அடிக்கட்டையைத் தோண்டியபோது மதிற் பக்கத்து வேர்கள் யாவும் 4 அடியிற் கரிய அழுகல் முனைகளாய் நின்றன. தண்டு முழுவதும் பழுதற்ற நல்ல மரம்.

ஐப்பசி தோறும் மழைக்கு முன்னர் ஆச்சியின் புளியில் மேசனாருடைய தூக்குக்குண்டைக் கட்டிப் பார்க்கின்றோம். குண்டு தொங்கிய இடத்தில் முதலாண்டு ஒரு கல் பதித்தோம்; அது இன்னும் அக்கல்லின் மேலேயே நிற்கின்றது. எமது வளவில், மதிலிலிருந்து 20 அடி தள்ளி ஒரு வேப்பங்கன்று நட்டிருக்கின்றோம். ஊஞ்சலைத் தாங்கும் கொப்பு அதற்கு வரும்போது, மகளுக்கு ஊஞ்சலாடும் வயது கடந்துவிடும்.